வள்ளலார் பாட்டுக்கு யார் உரிமை கோருகிறார்கள்?

திருவொற்றியூர் வடிவுடையம்மன் மீது வள்ளலார் பாடிய வடிவுடை மாணிக்கமாலையை அந்த ஊர்ப் பெண் ஒருவர் தம் குரலில் பாடி யூடியூபில் ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சற்று நேரத்தில் ஏதோ ஓர் இசை நிறுவனத்தின் பெயரில் பதிப்புரிமைக் கோரிக்கை வந்து நிற்கிறது. காணொளியில் விளம்பரம் ஓடினால் அந்தக் காசும் அங்கே போகலாம். வள்ளலார் மறைந்தது 1874இல். இந்தியச் சட்டமோ, எழுதியவர் இறந்தபின் 60 ஆண்டுகள் வரைதான் காப்பு தருகிறது. அந்த வரிகள் எப்போதோ, யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தக்கூடிய பொதுக்களத்துக்கு வந்துவிட்டன. பிறகு எப்படி இந்தக் கோரிக்கை?

பெரும்பாலும் இதை அனுப்புவது ஒரு மென்பொருள். உரிமையாளர்கள் கொடுத்து வைத்திருக்கும் மாதிரிகளோடு, புதிதாக ஏறும் காணொளிகளை ஒப்பிடும் கான்டென்ட் ஐடியை யூடியூப் 2007இல் கொண்டுவந்தது. ஒலியை ஒப்பிடும் முறைகளுள் நன்கு அறியப்பட்டது, ஒலிக்கும் பாட்டைக் கேட்டு அது எந்தப் பாட்டு என்று சொல்லும் ஷாஸாம் செயலியுடையது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஏவரி வாங் 2003இல் அந்த முறையை விளக்கி எழுதினார். ஒலியைச் சிறு துணுக்குகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று அளக்கிறார்கள். வலுவான உச்சங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுகிறார்கள். ராயபுரம் ரயில் பின்னணியில் கூவினாலும் பாட்டு அகப்படுவது அதனால்தான். பிறகு உச்சங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, அவற்றின் அதிர்வெண்களையும் இடைப்பட்ட நேரத்தையும் ஓர் எண்ணாக்குகிறார்கள். புதிய ஒலியின் எண்கள் பல, பழைய பாட்டின் எண்களோடு அதே வரிசையில் பொருந்தினால் இரண்டும் ஒன்றே என்று முடிவாகிறது.

இந்தக் கணக்கில் சட்டம் எங்கேயும் இல்லை. நம் பாடகி பயன்படுத்திய சுருதிப்பெட்டிச் செயலியையே ஓர் இசைத்தொகுப்பிலும் பயன்படுத்தியிருந்தால், அந்த ரீங்காரமே பொருந்திவிடக்கூடும். ஆஸ்திரேலிய இசைக்கலைஞர் ஒருவர் பத்து மணி நேரம் வெறும் இரைச்சலை மட்டும் பதிவேற்றியிருந்தார். அதற்கும் ஐந்து கோரிக்கைகள் வந்த செய்தி 2018இல் வெளியானது. இரைச்சலுக்கே சொந்தக்காரர் இருக்கும்போது வள்ளலார் தப்புவாரா!

ஆனால் எல்லாக் கோரிக்கைகளும் பொய்யல்ல. ஒரு பாட்டில் வரிக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை என்று தனித்தனியாக உண்டு. பாடியவருக்கும் தனி உரிமை இருக்கிறது. அது 50 ஆண்டுகள். வள்ளலார் வரிக்குச் சென்ற ஆண்டு ஒருவர் மெட்டமைத்திருந்தால் அந்த மெட்டு அவருடையது. ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள்: 1965இல் வந்த இசைத்தட்டுக்கு 2025 டிசம்பர் 31 வரை. அதன் பிறகும் வரிக்கும் மெட்டுக்கும் காப்பு மிஞ்சியிருக்கலாம்.

வடசென்னையின் கானாவில் இந்தச் சிக்கல் இன்னும் சுவையானது. இழவு வீட்டில் வழிவழியாகப் பாடிவரும், இன்னார் போட்டது என்று தெரியாத பழைய மெட்டில் ஒருவர் புது வரி கட்டினால், எழுதிய அல்லது பதிவு செய்த நொடியே அந்த வரிகள் அவருடையவை. எந்த அலுவலகத்திலும் பதிய வேண்டியதில்லை. சினிமா மெட்டில் கட்டினால் வரி மட்டுமே அவருடையது, மெட்டுக்கு அனுமதி வேண்டும். வியாசர்பாடிக் கலைஞர்கள் பலர் தங்கள் சொந்த வரிகளுக்கு இந்த உரிமை இருப்பதை அறியாமலே அவற்றை அடுத்தவரிடம் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

மனமுவந்து பகிர விரும்புபவருக்கு 2002 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இருக்கின்றன. பெயர் சொன்னால் போதும், வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது, மாற்றினால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்று நிபந்தனைகளை அவரே தேர்ந்துகொள்ளலாம். இங்கும் ஒரு கண்ணி உண்டு. அப்படிப் பகிர்ந்த தாளத்தை எடுத்துப் பாட்டுச் செய்த ஒருவர், அந்தப் பாட்டைக் கான்டென்ட் ஐடிக்கு மாதிரியாகக் கொடுத்துவிட்டால், அதே தாளத்தைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கெல்லாம் கோரிக்கை போகும். பொதுக்களப் படைப்பையும் திறந்த உரிமப் படைப்பையும் மாதிரியாகத் தரக் கூடாது என்பது யூடியூபின் விதி. விதியை மீறினால் மென்பொருளுக்குத் தெரியாது.

நம் பாடகி மறுப்புத் தெரிவிக்கலாம். வரி 1874க்கு முந்தையது, மெட்டு மரபுவழி வந்தது, பாடியது நான், சுருதி இன்ன செயலியுடையது என்று எழுதினால் போதும். கோரியவர் 30 நாளுக்குள் பதில் தராவிட்டால் கோரிக்கை விலகும். சினிமா மெட்டில் பாடிய கானாக்காரர் மட்டும் அந்த மறுப்புப் பொத்தானை யோசித்து அழுத்த வேண்டும். கோரியவர் பதிலுக்குக் காணொளியை நீக்கச் சொல்லி முறைப்படி கேட்டால் அது எச்சரிக்கையாகப் பதிவாகும். 90 நாளுக்குள் அப்படி மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும்.