சாம்பாரில் மாத்திரை கலக்காதீர்கள்

இந்த மாதமும் ஒருவர் ஐசியு வரை போய்விட்டு வந்தார். குடியை நிறுத்த வைக்கிறோம் என்று அவர் வீட்டார், பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கிப் பொடித்து சாம்பாரில் கலந்திருக்கிறார்கள். மனிதருக்கு எதுவும் தெரியாது. சாப்பிட்டார், சாயங்காலம் வழக்கம்போலக் குடித்தார், கொஞ்ச நேரத்தில் முகமெல்லாம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் இறங்கி மயங்கிவிட்டார்.

"தெரியாமல் கொடுக்கிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்க டாக்டர்" என்று கேட்காத குடும்பமே இல்லை. தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள். அந்த மாத்திரை, டைசல்ஃபிரம், குடிக்கிற ஆசையைக் குறைக்கிற மருந்தே இல்லை. மது உடம்பில் உடையும்போது நடுவில் உண்டாகிற அசிட்டால்டிஹைடு என்ற நச்சை மேற்கொண்டு உடையவிடாமல் தேக்கிவைக்கும், அவ்வளவுதான். 'இன்றைக்கு மாத்திரை போட்டிருக்கிறேன், குடித்தால் உயிருக்கே ஆபத்து' என்று அவருக்குத் தெரிந்திருந்தால்தான் கை கிளாஸுக்குப் போகாது. தெரியாமல் கொடுத்தால்? சரக்கு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு மறுநாள் வேறு பிராண்டு வாங்குவார். மாத்திரையை நிறுத்திய பிறகும் 2 வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும், ஆல்கஹால் கலந்த இருமல் டானிக் குடித்தால்கூடத் தொல்லை வரும். அதனால்தான் இதயம், கல்லீரல் எல்லாம் பார்த்து, அவருடைய சம்மதத்தோடு மட்டுமே தொடங்குகிறோம். கூரியரில் வருகிற பெயரில்லாத பொடி இதைவிட மோசம். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவசரப் பிரிவில் நாங்கள் எதற்கென்று வைத்தியம் பார்ப்பது?

ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. அவையும் அவர் விரும்பிச் சாப்பிட்டால்தான்.

இன்னொன்று. கார்த்திகை பிறந்தால் மாலை போட்டு ஒரே நாளில் குடியை நிறுத்துகிறவர்கள் வருவார்கள். மாலை போடுவதில் தவறே இல்லை, பலருக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் தினமும் நிறையக் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். 2, 3 நாள் கழித்து இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவார், இல்லாத ஆளோடு பேசுவார், நேரம் காலம் தெரியாது. அது சாமியும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை, உயிரைப் பறிக்கக்கூடிய நோய். காலையில் எழுந்ததும் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்கிறவர், முன்பு வலிப்பு வந்தவர், இவர்கள் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். எலும்பு முறிவுக்குச் சேர்ந்தவர் மூன்றாம் நாள் கட்டிலைவிட்டு இறங்கி ஓடுகிறார் என்று எங்களைக் கூப்பிடுவார்கள். சேர்க்கும்போதே குடிப்பார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தயாமின் என்ற பி1 ஊசியும் நடுக்கத்துக்கான மருந்தும் அன்றைக்கே தொடங்கியிருக்கும். கௌரவம் பார்த்து மறைக்காதீர்கள்.

எல்லாப் பழக்கமும் இப்படி இல்லை. புகையிலையைச் சட்டென்று நிறுத்தலாம், எரிச்சலும் தூக்கமின்மையும் வரும், உயிர் போகாது. புகையிலை ஆசையைச் சமாளிக்கத் தருகிற நிக்கோட்டின் சூயிங்கத்தை மட்டும் பபிள்கம் மாதிரி மென்றுகொண்டே இருக்காதீர்கள், நாலு மெல்லு மென்று கன்னத்தில் ஒதுக்கிவையுங்கள். ஆன்லைன் ரம்மிக்கு மாத்திரையைவிடக் கவுன்சலிங்தான் முக்கியம், அதுவரை அவர் சம்மதத்தோடு பணக்கணக்கை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். கடனை அப்பா அடைத்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் நிற்காது.

குடித்திருக்கும்போது அவரிடம் வாதாடாதீர்கள், அடிக்காதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். தெளிவாக இருக்கிற காலை நேரத்தில் பேசுங்கள். 14446 போதை மீட்புக்கான இலவச எண், மனநல உதவிக்கு 14416. அவர் வர மறுத்தால் நீங்களாவது வாருங்கள், எப்போதிருந்து, எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது என்பதைக் குறித்துக்கொண்டு, வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகளையும் ஒன்றுவிடாமல் எடுத்து வாருங்கள்.