தோட்டா கட்டுதல்: ‘மறுஏற்றம்’ ஏன் பொருந்தாது

பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றித் தமிழில் எழுதுவோரிடையே ‘மறுஏற்றம்’ என்ற சொல் வேரூன்றி வருகிறது. கடைகளில் கிடைக்காமற்போன ஒரு வகைத் தோட்டாவை, கோது (வெற்று உறை), கேப்பு (அடிபட்டுத் தீப்பொறி தரும் பகுதி), மருந்து (வெடிமருந்து), குண்டு ஆகிய நான்கையும் ஒன்றுசேர்த்துத் துப்பாக்கிக்காரரே தம் கையால் உருவாக்கிக்கொள்ளும் வேலைக்கு ஆங்கிலத்தில் ஹேண்ட்லோடிங் என்றும் ரீலோடிங் என்றும் பெயர். இந்த வேலையைத்தான் மறுஏற்றம் என்கிறார்கள். ‘கைச்சுமையேற்றல்’ என்ற சொல்லையும் ஓரிடத்தில் கண்டேன். லோட் என்றதும் வண்டியையும் மூட்டையையும் மட்டுமே நினைத்தவர் ஆக்கிய அச்சொல்லை யாரும் எடுத்தாளப் போவதில்லை. மறுஏற்றம் அப்படிப்பட்டதன்று, மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகவே தோன்றுகிறது என்பதால்தான் அதை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது. இவ்வேலைக்குத் தமிழில் பொருந்தும் பெயர் ‘தோட்டா கட்டுதல்’ என்பதே என் முடிவு.

முதலில் தோட்டா என்ற சொல். இது தமிழின் தொல்சொல் அன்று. உருது, இந்தி வழக்கிலுள்ள டோட்டா என்பதோடு தொடர்புடையது. தெலுங்கில் தூட்டா என்றும் கன்னடத்தில் தோட்டா என்றும் வழங்குகிறது. ஆங்கிலத்தின் கார்ட்ரிட்ஜ், பிரெஞ்சின் கார்தூஷ் வழியாக இத்தாலியச் சொல்லுக்கும், அதிலிருந்து தாளைக் குறிக்கும் கார்த்தா என்ற சொல்லுக்கும் செல்கிறது. தாளில் மருந்தையும் குண்டையும் சுற்றிக் கட்டிய பொட்டலமே முதல் தோட்டா. பொருளைப் புரிந்துகொள்ள இவ்வளவு போதும்.

தோட்டா என்பது குண்டு அன்று. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் படித்த எவருக்கும், 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கிக்கான கொழுப்பு தடவிய தோட்டாவைச் சிப்பாய்கள் பல்லால் கடித்துத் திறக்க வேண்டியிருந்தது என்பது தெரியும். அவர்கள் கடித்தது ஈயக் குண்டை அல்ல. மருந்தும் குண்டும் உள்ளிருந்த தாள் பொட்டலத்தை. பாறை உடைக்கவும் மீன் பிடிக்கவும் வைக்கும் வெடியையும் தோட்டா என்றே சொல்கிறோம். அதில் குண்டே கிடையாது. ஆனால் இன்றைய செய்தி நடையில் ‘உடலிலிருந்து தோட்டா அகற்றப்பட்டது’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. தோட்டா முழுதாக உடலுக்குள் செல்வதில்லை. குண்டு மட்டும் பறக்கிறது. கோது துப்பாக்கியிலேயே தங்குகிறது அல்லது அருகில் விழுகிறது. இந்தப் பிழையைத் திருத்தாமல் தோட்டா கட்டுவது பற்றி ஒரு பத்திகூடத் தெளிவாக எழுத முடியாது. ஏனெனில் அந்த வேலை முழுவதும் குண்டு வேறு, தோட்டா வேறு என்பதன்மேல்தான் நிற்கிறது.

இனி மறுஏற்றத்துக்கு வருவோம். இதில் மூன்று குறைகள் உண்டு. மூன்றாவதைவிட முதல் இரண்டும் பெரியவை.

ஆங்கிலத்தின் ரீலோடு இரண்டு செயல்களைக் குறிக்கும். சுட்டு முடித்த துப்பாக்கியில் அடுத்த தோட்டாவை இடுவது ஒன்று. சுட்டு முடித்த கோதிலிருந்து புதிய தோட்டாவை உருவாக்குவது மற்றொன்று. ஆங்கிலம் பேசுவோர் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அவர்களே குழப்பம் தவிர்க்க ஹேண்ட்லோடிங் என்ற இன்னொரு சொல்லையும் வைத்திருக்கிறார்கள். நாம் ஏன் அவர்களுடைய குழப்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்? ‘மறுஏற்றம் செய்யுமுன் துப்பாக்கியின் அறையை அளந்துகொள்ளுங்கள்’ என்றொரு வாக்கியத்தைப் படித்தேன். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும், தோட்டா அமரும் இடமாகிய அறையை அளக்க வேண்டும் என்றே புதியவர் இதைப் புரிந்துகொள்வார். ‘தோட்டா கட்டுமுன்’ என்று எழுதியிருந்தால் ஐயத்துக்கே இடமில்லை.

இரண்டாவது குறை ‘மறு’ என்ற முன்னொட்டில் இருக்கிறது. வழக்கொழிந்த வகைத் துப்பாக்கியைப் பொறுத்தவரை, மறுபடி கட்டுவதற்கு முன்னால் கட்டிய தோட்டாவே பெரும்பாலும் இருப்பதில்லை. பிரிட்டிஷ் படை 1871இல் ஏற்ற மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் .577/450 என்ற தோட்டா வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கோதுக்காக, 24 கேஜ் (குழல் அளவின் பெயர்) சிதறுகுண்டுத் துப்பாக்கிக்கென்று செய்யப்படும் பித்தளைக் கோதை வாங்கி, சூடாக்கி மென்மையாக்கி, அச்சில் படிப்படியாக நெருக்கிக் கழுத்து எடுத்து, உரிய நீளத்துக்கு வெட்டுகிறார்கள். அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிகளின் .40-65 வகைக்கு, இன்றும் ஏராளமாகக் கிடைக்கும் .45-70 கோதை அவ்வாறே ஒடுக்கிக்கொள்கிறார்கள். அந்தக் கோது அந்த வடிவில் அதுவரை ஒருமுறையும் தோட்டாவாக இருந்ததில்லை. பிறக்காத ஒன்றுக்கு மறுபிறப்பு எங்கிருந்து வரும்? சுட்ட கோதையே திரும்பப் பயன்படுத்தும்போது ‘மறுகட்டு’ என்று தனியே சொல்லிக்கொள்ளலாம். முழு வேலைக்கும் அந்தப் பெயரை வைப்பது தவறு.

மூன்றாவது, ‘ஏற்றுதல்’ துப்பாக்கிக்கு உரிய வினை, தோட்டாவுக்கு உரியதன்று. நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் மருந்தும் குண்டும் இட்டுக் கோலால் இடித்து இறுக்குவதைக் ‘கெட்டித்தல்’ என்றார்கள். ஒரு சொல்லில் இவ்வளவு துல்லியம் வைத்திருந்த மொழி இது. அந்தத் துல்லியத்தை நாமே கைவிட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் ஏற்றம், இறக்கம், பதிவேற்றம், தரவிறக்கம் என்று ஒரே சொல்லிணையைச் சுற்றி வருகிறோம்.

சிலர் இதற்கு மாற்றாக ‘நிரப்புதல்’ என்கிறார்கள். மறுஏற்றத்தைவிட இது எளிமையானது. ஆனால் மிகவும் ஆபத்தானதும் இதுவே. பழைய கரிமருந்துத் தோட்டாவில் மருந்துக்கும் குண்டுக்கும் இடையே காற்று இடைவெளி இருக்கக்கூடாது என்பதால் கோதை நிரப்பவே செய்கிறார்கள். .577/450 வகையில் 85 கிரெய்ன் (மிகச் சிறிய எடை அலகு) கரிமருந்தின் மேல் 480 கிரெய்ன் குண்டு அமர்ந்திருந்தது; .45-70 என்ற பெயரில் 70 என்பதும் கரிமருந்தின் கிரெய்ன் எடையே. 1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேய் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்து, 1886இல் அதற்கென்றே லெபெல் துப்பாக்கி வந்தபின் கணக்கு மாறிவிட்டது. புகையற்ற மருந்து, அதே எடைக்குக் கரிமருந்தைவிட மிகுந்த ஆற்றலை வெளியிடுவது. கரிமருந்துக் காலத்துப் பெரிய கோதில் அதன் அளவான பங்கு அடியில் ஒரு பகுதியை மட்டுமே அடைக்கும். ‘கோதை மருந்தால் நிரப்பவும்’ என்று எழுதப்பட்டதை ஒருவர் சொல்லுக்குச் சொல் பின்பற்றினால், 140 ஆண்டுப் பழைய குழல் அவர் முகத்தருகே வெடிக்கும். சொல்லாக்கத்தை அழகுக்கான வேலை என்று நினைப்பவர்கள் இந்த ஒரு எடுத்துக்காட்டையாவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

‘தயாரித்தல்’ பிழையன்று, ஆனால் ஆலைக்கும் கைக்கும் வேறுபாடு காட்டாது. கட்டுதலோ இந்தத் தொழிலுக்குள்ளேயே வாழ்கிற சொல். வெடி கட்டுகிறோம், அதிர்வேட்டு கட்டுகிறோம். கயிறில்லாமல் என்ன கட்டு என்று கேட்பவர்களுக்கு, வீடு கட்டுவதற்கும் கூடு கட்டுவதற்கும் கயிறு வேண்டியதில்லை என்பதே மறுமொழி. பல பொருள்களைச் சேர்த்துப் பிணைத்தல், ஒன்றாக உருவாக்குதல் என்ற இரண்டு பொருளும் இவ்வினையில் உண்டு. கோதின் கழுத்து குண்டை இறுகப் பற்றும் கடைசிக் கட்டம்வரை அது பொருந்துகிறது. கையால் கட்டியதைக் ‘கைக்கட்டுத் தோட்டா’ என்றும் மற்றதை ‘ஆலைத் தோட்டா’ என்றும் சொன்னால் போதும்.

இதோடு சேர்ந்தே வரும் இன்னொரு பிழை, ஆங்கிலத்தின் அப்சலீட் காலிபர் என்பதற்கு இடப்படும் ‘வழக்கொழிந்த திறன்’. காலிபர் என்ற சொல்லை ஆளின் தகுதியைக் குறிக்கும் இடத்தில் மட்டும் அறிந்த மொழிபெயர்ப்பாளர், குழலின் துளைவிட்டத்தைக் குறிக்கும் துப்பாக்கிக் காலிபருக்கும் அதையே இட்டுவிடுகிறார். காலிபர் அரபியின் காலிப், அதாவது அச்சு என்ற சொல்லிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. ‘வழக்கொழிந்த துளைவிட்டம்’ என்று திருத்துவோரும் உண்டு; அதுவும் நேராகவில்லை. 0.45 அங்குலக் குழல்கள் இன்றும் செய்யப்படுகின்றன. அந்த விட்டம் எங்கும் ஒழிந்துபோகவில்லை. ஒழிந்தது குறிப்பிட்ட நீளமும் தோளும் விளிம்பும் கொண்ட ஒரு தோட்டா. எனவே ‘வழக்கொழிந்த தோட்டா வகை’ என்பதே சரி. பெயரிலுள்ள எண்ணை அப்படியே விட்டமாகக் கொள்வதும் தவறு. .303 வகையின் குண்டு 0.311 அங்குலம் இருக்கும், ஏனெனில் 0.303 என்பது குழலின் உட்சுவரில் திருகாக ஓடும் வரிகளின் மேட்டுக்கு மேடு அளவு. குண்டு பள்ளம்வரை நிறைய வேண்டும். பழந்துப்பாக்கிகளில் இந்த வேறுபாடு ஆளுக்கு ஆள் மாறுவதுபோலத் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும் என்பதால்தான், மென்மையான ஈயத் துண்டைக் குழலுக்குள் தட்டி எடுத்து அளந்தபின் குண்டு வார்க்கிறார்கள்.

உறுப்புகளின் பெயர்களில் எனக்குப் பிடிவாதம் குறைவு. வெற்று உறைக்கு ஈழத்து வழக்கில் ‘ரவைக்கோது’ என்ற அருமையான சொல் இருக்கிறது. அதிலுள்ள கோதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். ‘காலி தோட்டா’ என்று எழுதுவோர் இதை ஏற்றால் நன்று. பவுடரைத் ‘தூள்’ என்பதை ஏற்கமாட்டேன். மருந்து என்ற பழஞ்சொல் உயிரோடு இருக்கிறது. அடிப்பகுதியில் அடிபட்டுத் தீப்பொறி தரும் பிரைமரை ஒருவர் ‘முதற்பூச்சு’ என்று எழுதியிருந்தார். அது சுவருக்கு வண்ணம் அடிப்பவரின் சொல். தூய தமிழ் கிடைக்கும்வரை, நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் சொல்லிவந்த கேப்பு என்பதையே நான் எழுதுவேன்.