காலிமுகத்திடலில் ஓடியது இமயமலைக்குப் போதாது

ஏப்ரல் நெருங்கினால் வெள்ளவத்தையில் உள்ள என் கிளினிக்குக்கு ஒரே மாதிரியான படிவங்கள் வரத் தொடங்கிவிடும். நேபாளத்து மலையேற்ற நிறுவனம் ஏதாவது ஒன்று அனுப்பியதாக இருக்கும். அடியில் வைத்தியர் கையொப்பமிட ஒரு கோடு. எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடப்பது, முடிந்தால் 6,000 மீற்றரைத் தாண்டும் ஐலண்ட் பீக்கிலும் ஏறிவிடுவது என்பது திட்டம். கடைசியாக வந்தவர், சென்ற ஆண்டு அங்கிருந்து ஹெலிகொப்டரில் இறக்கப்பட்டவர். மீண்டும் போகிறாராம். “டொக்டர், இந்த முறை இன்னும் கடுமையாகப் பயிற்சி எடுத்திருக்கிறேன்” என்றார். பேனாவை மூடிவிட்டேன்.

அவரை இறக்க வைத்தது உயர நோய்: மேலே போகப் போக ஒட்சிசன் குறைவதால் வருவது. பயிற்சி அதைத் தடுக்காது. எத்தனை பேரிடம் இதைச் சொல்லி வாய் வலித்துவிட்டது! காலும் இதயமும் உரம் பெறுவது வேறு, குறைந்த ஒட்சிசனுக்கு உடல் பழகுவது வேறு. முதலாவதைக் கொழும்பில் செய்யலாம். இரண்டாவது மலையில்தான் நடக்கும், அதுவும் நாட்கணக்கில் தங்கினால். சிவனொளிபாதமலையில் வருடா வருடம் ஏறுகிறேன் என்பவர்களுக்கு: அது 2,243 மீற்றர். நம் நாட்டின் ஆக உயர்ந்த பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். எவரெஸ்ட் நடை தொடங்கும் லுக்லாவில் விமானத்தை விட்டு இறங்கும்போதே அதைவிட உயரத்தில் நிற்பீர்கள். 5,000 மீற்றருக்கு இலங்கையில் ஒத்திகை பார்க்க இடமே இல்லை.

உண்மையைச் சொன்னால், மரதன் ஓடுபவர்களை நினைத்துத்தான் எனக்குக் கூடுதல் பயம். மூச்சு வாங்குகிறவர் பின்தங்குகிறார், உட்காருகிறார். அதற்குள் உடலும் கொஞ்சம் பழகிக்கொள்கிறது. ஓட்டக்காரரோ இரண்டு நாள் தூரத்தை ஒரே நாளில் முடித்துவிட்டு, இரவில் தலைவலிக்குப் பனடோல் போட்டுக்கொண்டு படுக்கிறார்.

ஹெலிகொப்டரில் வந்தவருக்கும் அதுதான் நடந்தது. தலைவலியை யாரிடமும் சொல்லவில்லை. வாந்தி வந்ததற்குச் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டார். மறுநாள் காலை சப்பாத்துக் கயிற்றைக் கட்ட முடியவில்லை. விரல்கள் கயிற்றைப் பிடிக்கின்றன, முடிச்சுத்தான் விழவில்லை. கூட வந்தவர்கள் களைப்பு என்று சிரித்திருக்கிறார்கள். வழிகாட்டிதான் நிலத்தில் கோடு கிழித்து, ஒரு பாதத்தின் விரல்களோடு மற்றதன் குதிக்காலை ஒட்டிவைத்து நடக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டடி வைத்ததும் பக்கவாட்டில் சரிந்துவிட்டார். மூளை வீங்கத் தொடங்கியிருந்தது. அந்த நிலையில் மேலே ஏறியிருந்தால் உயிரோடு திரும்பியிருக்க மாட்டார்.

எல்லா வழிகாட்டிகளும் இவ்வளவு கவனிப்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். காசு கொடுத்தாயிற்று, அவர் பார்த்துக்கொள்வார் என்றால் எப்படி? அவருக்கு மலை தெரியும், வானிலை தெரியும். உங்கள் மண்டைக்குள் இடிப்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பத்து நாள் லீவுக்குள் எல்லாவற்றையும் முடித்துத் தரச்சொல்லி நெருக்குவதும் நீங்கள்தானே! 3,000 மீற்றருக்கு மேலே, உறங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓரிடத்திலேயே இன்னோர் இரவு தங்க வேண்டும். இதற்கு இடம் வைக்காத திட்டம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கைலாய யாத்திரை போகும் அம்மா, ஐயாமாருக்கும் இதே கணக்குத்தான். கைலாயத்தைச் சுற்றும் வழியில் உள்ள டோல்மா கணவாய் 5,600 மீற்றரைத் தாண்டும். சிவன் பார்த்துக்கொள்வார் என்று இரத்த அழுத்தக் குளிசையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

இன்னொன்று. இங்கே எடுத்த ஈ.சி.ஜி. நன்றாக இருப்பது, மேலே உங்கள் உடல் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லாது. விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியில் யாருக்கு எண் கூட என்று முகாமில் போட்டி வேறு நடக்கிறதாம். எண் நன்றாக இருந்து நடை தள்ளாடினால், நடையைத்தான் நம்ப வேண்டும்.

தலைவலி வந்தால் மேலே ஏறாதீர்கள். கூடினால் இறங்குங்கள். நடை தடுமாறினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நடுராத்திரி என்றாலும் துணையோடு உடனே இறங்க வேண்டும். ஒட்சிசன் உருளை இறங்குவதற்கு நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. உயர நோயைத் தடுக்கக் கொடுக்கும் அசெற்றசோலமைட் மாத்திரை உதவும், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு வேகமாக ஏறலாம் என்று அர்த்தமில்லை. பார்மசியில் நீங்களாக வாங்காமல், என்னென்ன மருந்து உங்களுக்கு ஒவ்வாது என்று வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

திரும்பி வருவதில் வெட்கம் எதற்கு? 2016 மே மாதம் நம் நாட்டு ஜயந்தி குரு உத்தும்பால எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். கூடப் போன ஜொஹான் பீரிஸ் சில நூறு மீற்றர் கீழேயே திரும்பினார்; 2018இல் மறுபடி போய் ஏறினார்.

படிவத்தோடு என்னிடம் வருகிறவர்கள், ஒவ்வோர் இரவும் எத்தனை மீற்றரில் தங்குகிறீர்கள் என்ற விபரத்தையும் கொண்டுவாருங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் எந்த உயரம் வரை பொருந்தும், ஹெலிகொப்டர் செலவும் அடங்குமா என்று வாசித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அதில் ஒரு பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், தயவுசெய்து.