லேத்தில் கடைந்த ஃப்ளைவீலை மாட்டாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி, சேலத்தில் உள்ள எங்கள் பட்டறைக்கு இன்ஜினின் கிராங்க் தண்டோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். "அண்ணா, லேத்துல குடுத்து மூணு கிலோ குறைச்சிட்டேன். மாட்டிக் குடுங்க, கோயம்புத்தூர் கரி ரேஸ் டிராக்குக்குப் போகணும்" என்றார். காரோடு வந்த வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் அது. தூசியைத் துடைத்துவிட்டு, கிளட்ச் பிளேட் உரசும் முகத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். சூட்டில் நீலம் பாய்ந்திருந்த இடங்களில் நகம் சிக்கியது. வெயிலில் சாய்த்துப் பிடித்ததும் மயிரிழை மாதிரி விரிசல்கள் தெரிந்தன.

மாட்ட முடியாது என்று சொல்லிவிட்டேன். தம்பிக்கு முகம் வாடிப்போனது.

சுற்றும் சக்கரத்தைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை, வேகத்தின் இருமடியாக ஏறும். 6,000 ஆர்பிஎம்மில் இருப்பதைப் போல 1.8 மடங்கு 8,000 ஆர்பிஎம்மில் இருக்கும். வார்ப்பிரும்பு நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. டிராக்கில் நாலாவது கியரிலிருந்து மூன்றுக்குப் போக வேண்டிய கை தவறி இரண்டில் விழுந்தால், சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றிவிடும். அந்த நேரத்தில் இன்ஜின் வேகத்துக்கு வரம்பு கட்டும் ரெவ் லிமிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. ஃப்ளைவீல் வெடித்தால் துண்டுகள் அதை மூடியிருக்கும் அலுமினிய பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு பாயும். இன்ஜின் நீளவாக்கில் இருக்கும் பின்சக்கர ஓட்டக் கார்களில் அந்த இடம் ஓட்டுபவரின் பாதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எடை குறைக்க ஆசைப்பட்டால், அதற்கென்றே ஒரே இரும்புக் கட்டியில் கடைந்த ஸ்டீல் ஃப்ளைவீலை வாங்குங்கள். பந்தய உதிரிபாகங்களுக்கான பாதுகாப்புத் தரமான எஸ்எஃப்ஐ 1.1 முத்திரை இருந்தால் இன்னும் நிம்மதி. அலுமினியம் என்றால் உரசும் முகத்துக்குத் தனி ஸ்டீல் தகடு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எத்தனை கிலோ குறைந்தது என்பதோடு, எங்கே குறைந்தது என்பதையும் கேளுங்கள். இன்ஜின் சீக்கிரம் வேகம் எடுப்பதுதான் எடை குறைப்பதன் பலன். விளிம்பில் ஒரு கிலோ குறைத்தால் கிடைக்கும் பலன், பாதி ஆரத்தில் குறைத்தால் கால் பங்குதான். அந்தப் பலனும் முதல் கியரில்தான் நன்றாகத் தெரியும். டிராக்கில் பெரும்பாலும் மூன்றிலும் நான்கிலும்தானே ஓட்டுகிறோம்? கியர் இறக்கும்போது ரெவ் சட்டென்று ஏறி இறங்குவது மட்டும் உண்மையிலேயே சுகமான மாற்றம்.

கிளட்ச் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு சோதனை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கு ஏறிப் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் போகும் பஸ் வளைவில் நின்றுவிட்டால் நீங்களும் ஏற்றத்தில் நிற்க வேண்டும். பந்தயத்துக்கான செராமிக் பட்டன் பிளேட்டுக்கு ஹாஃப் கிளட்ச் ஒத்துவராது. பிடித்தால் ஒரேயடியாகப் பிடிக்கும், இல்லையென்றால் வண்டியே உதறும். எடை குறைந்த ஃப்ளைவீலும் சேர்ந்தால் இன்ஜின் அணைந்து வண்டி பின்னால் உருளும். கோயம்புத்தூர் வரை அதே காரை ஓட்டிப்போய், டிராக்கில் சுற்றிவிட்டு, அதிலேயே வீடு திரும்புகிறவருக்கு சாதாரணக் கார்களில் வருவது போன்ற நல்ல ஆர்கானிக் பிளேட்டும், அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் சற்றே அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டும் போதும். அழுத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் இடது கால் மட்டும் வலிக்காது. ஒவ்வொரு மிதிக்கும் கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் திரஸ்ட் பேரிங் தேயும்.

நடுவில் ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாக வரும் டூயல் மாஸ் ஃப்ளைவீலை எடுத்துவிட்டு ஒற்றை ஃப்ளைவீல் போடுகிறவர்கள், நடுவில் ஸ்பிரிங் உள்ள பிளேட்டையே போடுங்கள். அப்படிப் போட்டாலும் ஐடிலில் கியர் பாக்ஸ் கொஞ்சம் கடகடக்கும்.

கியர் பாக்ஸை இறக்கியபோதே, மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் கிராங்கின் பின் ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். சீல் கசிந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிளேட்டும் வழுக்கும். ஃப்ளைவீல் போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு டார்க் ரெஞ்ச்சால்தான் முறுக்க வேண்டும்.

அந்தத் தம்பி கடைசியில் ஸ்டீல் ஃப்ளைவீலும் ஆர்கானிக் பிளேட்டும் போட்டுக்கொண்டார். முதல் 500 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே மெதுவாக ஓட்டி பிளேட்டைப் படிய வைக்கச் சொல்லி அனுப்பினேன். அதுவரை டிராக்கும் வேண்டாம், ஏற்காடும் வேண்டாம். பழைய ஃப்ளைவீல் இன்னொரு காருக்குப் போய்விடக் கூடாது என்று, அவர் எதிரிலேயே அறுத்துப் பழைய இரும்போடு போட்டேன்.