கார்டைக் கழற்றும் முன் 16 இலக்கத்தை எழுதி வையுங்கள்

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ உள்ள சர்வர் தன் சொந்த டிஸ்க்கில் இல்லாமல் சான் ஸ்டோரேஜிலிருந்து (நெட்வொர்க் வழியாக இணைந்த பொதுச் சேமிப்பகம்) பூட் ஆகிறது என்றால், அதோடு இணைக்கும் ஃபைபர் சேனல் கார்டு போன அன்று ஓஎஸ்ஸும் இருக்காது. கார்டு கம்பெனி தரும் விண்டோஸ் டூல் அப்போது உதவாது. கையில் மிஞ்சுவது யூஇஎஃப்ஐ ஷெல்தான், அதாவது ஓஎஸ் இல்லாமலே சர்வரின் ஃபர்ம்வேரில் கட்டளை அடிக்கும் திரை. மறந்துபோன பொருளை எடுக்க மேட்டுப்பாளையம் இறங்கி ஏறினால் ஒரு நாளே போய்விடும் என்பதால், ஏறும் முன்பே தயாராவது நல்லது.

முதல் வேலை, பழைய கார்டின் டபிள்யூடபிள்யூபிஎன்னை, அதாவது அதன் போர்ட்டுக்கே உரிய அடையாள எண்ணைக் குறித்துக்கொள்வது. 16 ஹெக்ஸ் இலக்கம். சுவிட்சின் ஜோனும் (யார் யாரோடு பேசலாம் என்ற பட்டியல்) ஸ்டோரேஜின் லன் மேப்பிங்கும் (எந்த டிஸ்க் பகுதி, அதாவது லன், எந்த சர்வருக்கு என்ற பதிவு) பெரும்பாலும் இந்த எண்ணை நம்பித்தான் இருக்கின்றன. கார்டு மாறினால் எண்ணும் மாறும். இரண்டு இடத்திலும் மாற்றாவிட்டால் லிங்க் விளக்கு எரியும், லன் மட்டும் தெரியாது. கார்டு செத்துவிட்டதா? அதன் ஸ்டிக்கரிலோ ஸ்டோரேஜின் ஹோஸ்ட் பட்டியலிலோ பாருங்கள். அதிகம் நடக்கும் தவறு, போர்ட்டின் எண்ணுக்குப் பதில் நோடுக்கான டபிள்யூடபிள்யூஎன்என்னை எழுதிவிடுவது. பல க்யூலாஜிக் கார்டுகளில் நோடு எண் 20:00 என்றும் போர்ட் எண் 21:00 என்றும் தொடங்கும். மீதி இலக்கம் ஒன்றுபோலவே இருக்கும். 8-ஐயும் பி-யையும் குழப்பாமல் இருக்க, போட்டோவும் எடுத்துவிடுங்கள்.

ஷெல்லை வைத்துக் கொண்டுபோகும் பென்டிரைவ் எஃப்ஏடி32 ஃபார்மட்டில் இருக்க வேண்டும். ஷெல் டிஜிட்டல் கையொப்பமில்லாததாக இருந்தால், அப்படிப்பட்டதை ஓட விடாத செக்யூர் பூட் அமைப்பை அணைக்க வேண்டும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம்) உள்ள சர்வர் அப்போது ரெகவரி கீ கேட்கலாம், அதைக் கையில் வைத்துக்கொண்டு அணையுங்கள்.

ஷெல்லில் ‘டிரைவர்ஸ்’ என்று அடித்தால் டிரைவர் பட்டியல் வரும். கார்டின் வரியில் கான்ஃபிகரேஷன் பத்தியில் எக்ஸ் இருந்தால் ‘டிஆர்விசிஎஃப்ஜி -எஸ்’ மூலம் அமைப்புக்குள் போகலாம். இல்லையென்றால் பதற வேண்டாம். புதிய கார்டுகளின் அமைப்பு சர்வரின் செட்டப் மெனுவில் டிவைஸ் செட்டிங்ஸ் பகுதியில் இருக்கும். அந்தக் கட்டளையோடு ‘-எஃப்’ மட்டும் வேண்டாம், அது எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய்விடும். கார்டின் அமைப்பில் சானிலிருந்து பூட் ஆகும் வசதியை இயக்கி, ஸ்டோரேஜ் போர்ட்டின் எண்ணையும் லன் எண்ணையும் தாருங்கள். பிறகு ஷெல்லில் ‘ரீகனெக்ட் -ஆர்’, ‘மேப் -ஆர்’ அடித்து டிரைவர்களையும் டிஸ்க் பட்டியலையும் புதுப்பியுங்கள். புதிதாக ஒரு பிஎல்கே (டிஸ்க்) வரி தெரிந்தால் லன் வந்துவிட்டது. வரவில்லையென்றால் வேகத்தையும் பாருங்கள்: 32 ஜிகாபிட் கார்டு 16, 8 வரைதான் இறங்கும், பழைய 4 ஜிகாபிட் சுவிட்சோடு பேசாது.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி இரவு முழுக்க ஜீப்பில் கிடந்த கார்டை ஹீட்டர் ஓடும் அறைக்குள் கொண்டுவந்து உடனே பிரித்தால் அதன்மேல் நீர் துளிர்க்கும். கவரோடு சில மணி நேரம் வைத்திருங்கள். குளிர் ஊருக்கு ஏசி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: ஆஷ்ரே என்ற குளிரூட்டல் பொறியாளர் சங்கத்தின் தரத்தில் ஏ2 வகை சர்வருக்குள் போகும் காற்றின் மேல் வரம்பு 35 டிகிரி, 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 1 டிகிரி குறையும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் அது ஏறக்குறைய 30.5. காற்று அடர்த்தி குறைவு, அது வெப்பத்தை அள்ளிப் போவதும் குறைவு.

கார்டு வேறு ஸ்லாட்டில் இருந்தால் பழைய பூட் பதிவு வேலை செய்யாமல் போகலாம். ‘பிசிஎஃப்ஜி பூட் டம்ப் -வி’ போட்டுப் பதிவுகளின் பட்டியலைப் பாருங்கள். ஓஎஸ்ஸைத் தொடங்கும் லோடர் கோப்பை, ‘மேப்’ பட்டியலில் எஃப்எஸ் என்று வரும் பகிர்விலிருந்து நேராக ஓட்டிப் பார்த்து, ‘பிசிஎஃப்ஜி பூட் ஆட்’ மூலம் புதிய பதிவு சேருங்கள். செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்காமல் மலையிறங்குவதுதான் இதில் கடைசியாக நடக்கும் மறதி.