பெல்ட்டுக்கு ஏது பணிச்சுமை?

சிங்கப்பூரில் ஒரு கட்டுமானத் தளம், காலை ஏழரை மணி. வேலை தொடங்குமுன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டத்தில் ஒரு தாளைக் கொடுத்து, தமிழ்ப் பகுதியை நீங்கள் வாசியுங்கள் என்றார்கள். தமிழர்கள் இருபது பேர் நின்றோம். வாசித்தேன்: "தூக்கும் பணியின்போது பாதுகாப்பான பணிச்சுமையை மீறக் கூடாது."

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டே மாதமான தம்பி ஒருவன் கை தூக்கினான். "அண்ணே, ஓவர்டைம் பாக்கக் கூடாதுங்கிறாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். ஆனால் அந்த வாக்கியத்தைச் சரியாகத் தமிழாகப் படித்தவன் அவன் ஒருவன்தான். மற்றவர்கள் தமிழைப் படிக்கவே இல்லை, எஸ்.டபிள்யூ.எல். (சேஃப் வொர்க்கிங் லோடு, கருவியில் ஏற்றலாம் என்ற பாரத்தின் எல்லை) என்ற ஆங்கில எழுத்துகளை மனசுக்குள் போட்டு நிரப்பிக்கொண்டார்கள். பழகியவனுக்குத் தாளே தேவையில்லை, புதியவனுக்குத்தான் தேவை. அவனுக்குப் போய்ச் சேர்ந்ததோ ஓவர்டைம்.

சேஃப் வொர்க்கிங் லோடு என்பதற்குப் 'பாதுகாப்பான பணிச்சுமை' என்று நான் கேட்பது இது முதல் தடவை அல்ல. பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறேன், தளத்துப் பலகையில் பார்த்திருக்கிறேன், ஒருமுறை தேர்வுத் தாளிலேயே பார்த்தேன். இனியும் பொறுக்க முடியாது, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் பொருள். பாரம் தூக்கும் பெல்ட், சங்கிலி, கம்பி வடம், கொக்கி எதுவானாலும் ஒரு கட்டத்தில் அறும் அல்லது உடையும். அந்த அறுபடும் அளவை ஒரு எண்ணால் வகுத்து, இதற்குமேல் தூக்காதே என்று எல்லை கட்டுகிறார்கள். ஐரோப்பியத் தரநிலைகளில் அந்த எண் சங்கிலிக்கு 4, கம்பி வடத்துக்கு 5, துணிப் பெல்ட்டுக்கு 7. அதாவது 2 டன் என்று சீட்டுத் தைத்த பச்சைப் பெல்ட், புதிதாக இருக்கும்போது 14 டன் வரை அறாமல் நிற்க வேண்டும். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 29ஆம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது: சோதனைக்காக அன்றி வேறு எதற்காகவும் இந்த அளவை மீறிப் பாரம் ஏற்றக் கூடாது, அளவைக் கருவியின் மேலேயே தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டுக் கிரேன் விதிகள் வந்த பிறகு, தூக்குவதற்கு முன்பே எழுத்தில் திட்டம் வேண்டும்; மேற்பார்வையாளர், பாரத்தைக் கட்டும் ரிக்கர், சைகை காட்டும் சிக்னல்மேன் என்று ஆளை நியமிக்க வேண்டும். அந்தத் திட்டத்தாளிலும் இந்த எண்ணுக்கு ஓர் இடம் உண்டு.

சொல்லின் வேர் பெரிய கதை இல்லை. லோடு என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் வழி, கொண்டுபோதல் என்று பொருள். கொண்டுபோவது பிறகு கொண்டுபோகப்படும் பொருளாயிற்று. வொர்க்கிங் என்பதில்தான் வழுக்குகிறது. இங்கே அதற்குப் 'பணி' என்ற பொருளே இல்லை. அது 'அறுபடும் அளவு' என்பதற்கு எதிர்ச்சொல். ஒன்று அறும் அளவு, மற்றது புழங்கும் அளவு. கயிறு புழக்கத்தில் இருக்கும்போது என்கிறான் ஆங்கிலேயன். நம் மொழிபெயர்ப்பாளரோ வொர்க்கையும் லோடையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் பணிச்சுமை என்று எழுதி, டீ குடிக்கப் போய்விட்டார்.

பணிச்சுமை கெட்ட சொல் இல்லை. ஆசிரியர்களுக்குப் பணிச்சுமை கூடிவிட்டது, செவிலியர் பணிச்சுமையால் வாடுகிறார்கள் என்றெல்லாம் எழுதும்போது அது உயிரோடு இருக்கிற சொல். அதனால்தான் இங்கே அது கேடு. பொருளே இல்லாத ஒரு சொல்லைப் போட்டிருந்தால் படிக்கிறவன் நின்று, இது என்ன என்று கேட்பான். ஏற்கெனவே வேறு பொருள் உள்ள சொல்லைப் போட்டால் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவான்.

சரி, 'பணி'யை எடுத்துவிட்டுப் 'பாதுகாப்பான சுமை' என்று வைத்துக்கொள்ளலாமே என்று உடன் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டார். எனக்குச் சுமையும் உறுத்துகிறது. சுமை என்பது சும என்ற வினையிலிருந்து வருவது. சுமப்பது கீழே இருந்து தாங்குவது: தலைச்சுமை, தோள்சுமை, கடன்சுமை எல்லாமே மேலே ஏறி உட்கார்ந்து அழுத்துபவை. ஊர் வழிகளில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லைப் பாருங்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைக் கிடத்தியிருக்கும். பிள்ளைப்பேற்றுக்கு முன் இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். சுமை அதன் தலையில் இறங்கும். கிரேனில் நடப்பது நேர் எதிர். பெல்ட் எதையும் சுமப்பதில்லை. அதிலிருந்து பாரம் தொங்குகிறது. கட்டடப் பொறியியல் படித்தவருக்கு அழுத்தத்துக்கும் இழுவிசைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ் அந்த வேறுபாட்டைச் சும, தூக்கு என்ற இரண்டு வினைகளில் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது.

தூக்கு என்ற சொல் எனக்கு நிரம்பப் பிடிக்கும். மேலே எடுப்பதும் தூக்கு, தொங்கவிடுவதும் தூக்கு. சோறு கொண்டுபோகும் தூக்குவாளி இன்னும் வழக்கில் இருக்கிறது. மூன்றாவதாக ஒரு பொருள் உண்டு, அதைத்தான் மறந்துவிட்டோம்: தூக்குதல் என்றால் நிறுத்துப் பார்த்தல். தராசுக்குத் தூக்குக்கோல் என்று பெயர். திருக்குறளில் வலியறிதல் அதிகாரம் தொடங்குவதே, வினைவலி, தன்வலி, மாற்றான் வலி, துணைவலி எல்லாவற்றையும் "தூக்கிச் செயல்" என்றுதான். எடைபோட்டுப் பார்த்துவிட்டுச் செய் என்பது பொருள். இன்றைய கிரேன் அறையில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. தூக்கும்போதே பாரம் எத்தனை டன் என்று காட்டும், எல்லையை நெருங்கினால் கத்தும். தூக்குவதும் தூக்கிப் பார்ப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இப்படி ஒரு வினை கையில் இருக்கும்போது சுமையைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்?

இதற்கு எதிர்க்கரையில் தனித்தமிழ் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் முன்வைத்தது 'ஏமப்பொறை'. ஏமம் என்றால் காவல். பொறை, பொறு என்பதிலிருந்து வந்தது, தாங்குதல், பாரம். இரண்டும் பழைய, அழகான சொற்கள். ஆனால் கொளுத்தும் வெயிலில் ஹெல்மெட் போட்டு நிற்கிறவன் காதில் ஏமம் எப்படி விழும்? ஏமாந்தான், ஏமாற்றினான் என்றுதான் விழும். பொறை விழுந்தால் புரையேறியது என்பான். பாரம் வடமொழி என்பது அவர் குற்றச்சாட்டு. இருக்கட்டும். பாரவண்டி, பாரம் ஏற்று, பாரம் இறக்கு என்று ஊரெல்லாம் புழங்குகிற சொல்லுக்கு நான் கடவுச்சீட்டு கேட்பதில்லை. பெல்ட் அறுந்தால் கீழே நிற்பவன் வேர்ச்சொல் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான். இந்த இடத்தில் மட்டும் எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு பெரிது. மற்ற இடங்களில் நண்பரோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறவன்தான்.

இனி 'பாதுகாப்பான'. தாளில் உள்ள மூன்று சொற்களில் ஆபத்தானது இதுதான் என்பேன். ஒரு கணக்குப் போடுவோம். கம்பிக் கட்டு ஒன்று: 20 மில்லிமீட்டர் கம்பி, 12 மீட்டர் நீளம், 60 எண்ணம். விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். கம்பி கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். 400ஐ 162ஆல் வகுத்தால் 2.47. ஆக மொத்தக் கட்டு 1.78 டன். கையில் பச்சைப் பெல்ட் இரண்டு, ஒவ்வொன்றும் 2 டன். இரண்டும் சேர்ந்து 4 டன், கட்டு 2 டன்கூட இல்லை, தூக்கு என்பான் புதியவன்.

பெல்ட்டைச் சுருக்குப் போட்டுத்தான் கட்டைப் பிடிக்கிறோம். சுருக்குப் போட்டால் பெல்ட்டின் திறன் 80 விழுக்காடாகக் குறைகிறது. 2 டன் 1.6 டன் ஆகிவிட்டது. அப்புறம் கோணம். இரண்டு பெல்ட்டும் மேலே ஒரே கொக்கியில் போய்ச் சேர்கின்றன. அவற்றுக்கு நடுவே 60 பாகை என்றால் ஒவ்வொன்றிலும் 1.03 டன் இழுவை. 90 பாகை என்றால் 1.26. பெல்ட் குட்டையாக இருக்கிறதே என்று 120 பாகைக்கு விரித்துப் போட்டால் ஒவ்வொரு பெல்ட்டும் முழுக் கட்டின் எடையை, 1.78 டன்னை, தனியாக இழுத்துக்கொண்டிருக்கும். 1.6ஐத் தாண்டியாயிற்று. சீட்டில் இருக்கிற 2 டன் அப்படியே இருக்கிறது. அதைப் பாதுகாப்பானது என்று தாளும் சொல்கிறது. அவன் நம்பாமல் என்ன செய்வான்?

ஆங்கிலத்திலேயே இந்தச் சிக்கல் வந்தது. எண்ணுக்கு முன்னால் 'பாதுகாப்பான' என்று போட்டால் அது உறுதிமொழி மாதிரி ஆகிவிடுகிறது என்று அமெரிக்கத் தரநிலைகள் அந்த அடைமொழியை விட்டுவிட்டன. சங்கிலி, கொக்கிகளில் இன்று பெரும்பாலும் வொர்க்கிங் லோடு லிமிட் என்றுதான் பொறிக்கிறார்கள். பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு விதிகளில் பழைய தொடர் இன்னும் இருக்கிறது. அங்கே பழக்கத்தில், லிமிட் என்பது தயாரிப்பாளர் கருவிக்குக் கட்டும் எல்லை, சேஃப் என்பது தகுதியுள்ள ஆள் இந்த வேலைக்கு, இந்த நிலைமைக்கு என்று நிர்ணயிப்பது. இரண்டும் ஒரே எண்ணாக இருக்கலாம், மேலே பார்த்த மாதிரி இல்லாமலும் போகலாம்.

ஆகவே எனக்கு வேண்டியது வரம்பு. வயலின் வரப்பும் இதே சொல்தான். இலங்கையில் இன்றும் வயல் வரம்பு என்றே சொல்கிறார்கள். இந்தத் தளங்களில் வேலை பார்க்கும் நம் ஆட்களில் தஞ்சை, புதுக்கோட்டைக்காரர்கள் நிறைய. வரப்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். பாதுகாப்பான வரப்பு என்று எவனும் சொல்வதில்லை. பெல்ட்டுக்கும் சங்கிலிக்கும் 'தாங்கு வரம்பு'. கிரேனுக்கு, அதுவும் குறிப்பிட்ட ஆரத்தில் (கிரேனின் நடுவிலிருந்து பாரம் வரை உள்ள தூரத்தில்), குறிப்பிட்ட நிலைமையில், 'தூக்கு வரம்பு'. இரண்டாகப் பிரித்தால், சீட்டில் உள்ளது ஒன்று, இன்றைக்கு நாம் தூக்கலாம் என்று முடிவு செய்வது வேறொன்று என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். தாங்குவதும் கீழிருந்துதானே என்று மடக்குவீர்கள். தூண் தாங்கும், ஆனால் கயிறு தாங்குமா என்றும் கேட்கிறோம் இல்லையா? சுமைக்கு அந்த இடம் இல்லை. கயிறு சுமக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

கிரேன் வரம்பை விளக்க, வலியறிதலிலேயே இரண்டு குறள் வரிசையாகக் கிடக்கின்றன. "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" என்பது எல்லாருக்கும் தெரிந்தது; மயிலிறகானாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும். அதற்கு அடுத்ததுதான் எங்கள் ஆள்: "நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந் தூக்கின்". இங்கே தூக்கு இல்லை, இறந்து ஊக்கின் என்று பிரிக்க வேண்டும், ஏமாந்துவிடாதீர்கள். நுனிக் கிளைக்குமேல் போக முயன்றால் உயிர் போகும். 50 டன் கிரேன் என்று பெயர் வைத்தாலும் அந்த 50 டன் ஏறக்குறைய 3 மீட்டர் ஆரத்தில் மட்டும்தான். கையை நீட்டி 20 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோனால் சில டன்தான் மிஞ்சும். அதிலும் கொக்கியின் எடை, பெல்ட்டின் எடை எல்லாம் கழிவு. கிரேன் அதேதான், மாறியது கொம்பின் நீளம்.

மற்றச் சொற்களின் கதியும் இதேதான். அதே தாளில் 'கவணைச் சரிபார்க்கவும்' என்று இருந்தது. தூக்கும் பெல்ட்டுக்கு ஆங்கிலத்தில் ஸ்லிங் என்று பெயர்; அதை அகராதியில் தேடி, தினைப்புனத்தில் கிளி ஓட்டும் கவணை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பாரம் சுழலாமல் பிடிக்கும் டேக் லைன் 'குறிச்சொல் கோடு' ஆகியிருந்தது. பிடிகயிறு என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? கிரேனைக் கொக்கு ஆக்காமல் விட்டார்களே, அதுவரை நன்றி. ஆங்கிலத்தில் அந்தப் பறவையின் கழுத்தைப் பார்த்து வைத்த பெயர்தான். நமக்குப் பாரந்தூக்கியும் கிரேனும் போதும். பளுதூக்கி என்றால் பதக்கம் வாங்கியவர் நினைவுக்கு வருகிறார். செய்தித்தாள்களுக்கு ஒரு விண்ணப்பம்: எல்லாக் கிரேனும் 'ராட்சத கிரேன்' அல்ல. சந்துக்குள் வந்து மரத்தைத் தூக்கும் ஹைட்ரா என்ற சின்னக் கிரேனையும் ராட்சதன் ஆக்கினால், உண்மையில் 500 டன் தூக்குவது வந்து நிற்கும்போது என்ன எழுதுவீர்கள்?

எழுதப் படிக்காத பழைய ஆட்கள் இதில் எவ்வளவோ தேவலை. கப்பலிலும் துறைமுகத்திலும் 'ஆரியா' என்றால் இறக்கு. பாயையும் கொடியையும் இறக்குவதற்குப் போர்த்துகீசியர் சொன்ன சொல் மாலுமிகள் வாய்வழியே வந்து ஒட்டிக்கொண்டது. தூய தமிழ் இல்லை. ஆனால் ஆரியா என்றால் இறக்குவானா, ஓவர்டைம் பார்ப்பானா என்ற குழப்பம் யாருக்கும் வந்ததில்லை.

தாளைத் தயாரித்தவர்களுக்கு இதையெல்லாம் சுருக்கி எழுதி அனுப்பினேன். போன மாதம் திருத்திய பதிப்பு வந்தது. பணிச்சுமையை எடுத்துவிட்டார்கள். 'பாதுகாப்பான வேலைப்பளு' என்று போட்டிருக்கிறார்கள். கவண் அப்படியே இருக்கிறது.