பைபோலாருக்குச் சரியான மாத்திரை கிடைக்க ஏன் இத்தனை மாதம்?

மஞ்சள் பையை மேசைமேல் கவிழ்த்துக் கொட்டினார் அந்த அம்மா. பாதி பிரித்த மாத்திரை அட்டைகள், நான்கு டாக்டர்களின் சீட்டுகள், கசங்கிப்போன ஒரு ரத்தப் பரிசோதனைத் தாள். "மூணு வருஷமா இதையெல்லாம் கொடுத்துப் பார்த்துட்டோம் டாக்டர். எதுவுமே ஒத்துக்கல. இவனுக்குன்னு ஒரு மாத்திரையே கிடையாதா?" மகன் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். வயது 26, நகைப் பட்டறையில் வேலை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். லித்தியம் ஒன்றரை மாதம். வால்புரோயேட் இரண்டு வாரம். குவெட்டியாபின் மூன்றே நாள். காலையில் எழுந்திருக்க முடியவில்லை என்று நிறுத்திவிட்டார்களாம். எந்த மருந்துக்கும் வேலை செய்ய நேரம் கிடைத்ததாகவே தெரியவில்லை. லித்தியத்தை ஏன் விட்டீர்கள் என்று மகனிடம் கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். "கம்பி வளைக்கிறப்ப விரல் ஆடுது சார். கல்லு பதிக்க முடியல. முதலாளி குடிச்சிட்டு வந்திருக்கியான்னு கேட்டுட்டார்." இதை அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட.

பைபோலார் என்பது மனநிலை இரண்டு பக்கமும் எல்லை மீறிப் போகும் நோய். ஏற்றத்தில் தூக்கமே தேவைப்படாது, பேச்சு நிற்காது, கையில் இருக்கும் காசு கரையும். இறக்கத்தில் படுக்கையை விட்டு எழுவதே மலை ஏறுவது மாதிரி. பெரும்பாலானவர்கள் இறக்கத்தில்தான் எங்களிடம் வருகிறார்கள். ஏற்றத்தில் இருப்பவருக்குத் தனக்கு நோய் என்றே தோன்றாதே! அதனால் மனச்சோர்வு என்று மட்டும் எண்ணி மருந்து எழுதிவிட வாய்ப்பு அதிகம். தொழிலுக்கு வந்த புதிதில் நானே அந்தத் தவறைச் செய்திருக்கிறேன். சோர்வாக வந்த ஒருவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தேன். மூன்றாவது வாரம் இரவெல்லாம் விழித்திருந்து ஊரெல்லாம் கடன் வாங்கிப் புதுத் தொழில் தொடங்கிவிட்டார். சமநிலைப்படுத்தும் மருந்து இல்லாமல் மனச்சோர்வு மருந்து மட்டும் தனியாகப் போனால், இந்த நோயில் சிலரை ஏற்றத்துக்குத் தள்ளிவிடும். அன்றிலிருந்து சோர்வோடு வரும் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்கிறேன்: "ரெண்டு மூணு மணி நேரம்தான் தூங்கியும் களைப்பே தெரியாம ஓடிக்கிட்டிருந்த நாட்கள் எப்பவாவது உண்டா?" வீட்டாரிடமும் கேட்பேன். பதில் பல நேரம் அவர்களிடம்தான் இருக்கும்.

சரி, மருந்துக்கு வருவோம். இந்த நோய்க்கு லித்தியம் பயன்படும் என்று 1949இல் எழுதியவர் ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர். இன்றும் நீண்டகாலத் தடுப்புக்கு நாங்கள் முதலில் நினைப்பது அதைத்தான். தற்கொலை ஆபத்தைக் குறைப்பதில் அதற்குத் தனி இடம் உண்டு. ஆனால் அது கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் பெரும்பாலோருக்கு நல்லது. குறைந்தால் பலன் இல்லை, 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. அளவை மாற்றினால் சுமார் ஒரு வாரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும், அதுவும் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. பலர் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு நேராக லேபுக்குப் போய்விடுகிறார்கள். அளவு கூடுதலாகக் காட்டும், டாக்டர் குறைத்துவிடுவார், ஒரு மாதத்தில் நோய் திரும்பும். அந்த அம்மா கொண்டுவந்த கசங்கிய தாளிலும் இதுதான் நடந்திருந்தது.

நம் ஊர் வெயிலில் இன்னொரு கவனம் வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேர்த்துக் கொட்டி, தண்ணீர் சரியாகக் குடிக்காவிட்டால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலும் அப்படித்தான். பிரஷருக்கு என்று உப்பைத் திடீரென்று நிறுத்தினாலும் ஏறும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன், சில பிரஷர் மாத்திரைகள் எல்லாம் அதை ஏற்றிவிடும். வலி மாத்திரை தேவைப்பட்டால் பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். கை பெரிதாக உதறுவது, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது, வாந்தி நிற்காமல் போவது இவற்றில் எதைக் கண்டாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனையும் அவசியம்.

மற்ற மருந்துகளுக்கும் அதனதன் குணம் உண்டு. வால்புரோயேட் ஏற்றத்தைச் சீக்கிரம் அடக்கும். ஆனால் கருவில் உள்ள குழந்தைக்கு அதனால் வரும் பாதிப்பு பெரியது. பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களுக்கு இயன்றவரை அதைத் தவிர்ப்போம். ஏற்கெனவே எடுப்பவர் கர்ப்பம் என்று தெரிந்தால் தானாக நிறுத்தாமல் உடனே வர வேண்டும். லாமோட்ரிஜின் இறக்கத்தைத் தடுக்க நல்லது, ஆனால் வாரக்கணக்கில் மெல்லத்தான் அளவைக் கூட்ட முடியும். உடலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். ஐந்தாறு நாள் விட்டுப்போனால் பழைய அளவில் தொடராமல் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஓலன்ஸாபின், குவெட்டியாபின் எடுப்பவர்கள் எடையையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பட்டறைக்காரருக்கு நான் பைபோலாருக்கென்று புது மருந்து எதுவும் எழுதவில்லை. தைராய்டைப் பார்த்தோம், சரியாக இருந்தது. அவர் விட்ட லித்தியத்தையே மறுபடி தொடங்கினோம். முன்பு வேளைக்கு வேளை பிரித்துப் போட்டதை இரவு ஒரே வேளையாக மாற்றி, அளவைக் கொஞ்சம் குறைத்தோம். ஒரு நாளைக்கு ஏழெட்டு டம்ளர் காபி குடிப்பாராம். அதை மெல்லக் குறைக்கச் சொன்னேன். திடீரென்று நிறுத்தினால் லித்தியம் ஏறும். அப்படியும் மிஞ்சிய நடுக்கத்துக்குக் குறைந்த அளவில் புரோப்ரனலால் சேர்த்தோம். பக்கவிளைவுக்கு வழி இருக்கிறது, ஆனால் நீங்கள் சொன்னால்தானே எங்களுக்குத் தெரியும்? சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து. லித்தியத்தைச் சட்டென்று விட்டால் ஏற்றம் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

அம்மாவுக்கும் ஒரு வேலை கொடுத்தேன். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில், அதே கட்டத்தில் மகன் தூங்கிய மணி நேரத்தையும் எழுத வேண்டும். ஏற்றம் வரப்போகிறது என்பதைத் தூக்கம்தான் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுக்கும். இரண்டு நாள் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போனால் போன் செய்யுங்கள் என்றேன். அப்புறம், நன்றாக இருக்கும்போதே மூவரும் உட்கார்ந்து பேசி, தூக்கம் குறையும் நாட்களில் ஏடிஎம் கார்டு அம்மாவிடம் இருக்கும் என்று முடிவு செய்தோம். இறக்கம் வந்தால் குளியல், காலை வெயிலில் கால் மணி நேரம், ஒருவரிடமாவது பேச்சு, அவ்வளவு போதும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். வீட்டில் இருப்பவர்கள் மாத்திரைகளைத் தங்கள் பொறுப்பில் வைத்து, அவரைத் தனியாக விடாமல் அழைத்து வாருங்கள். செலவை நினைத்து வராமல் இருப்பவர்களுக்கு: அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம்.

நான்கு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். லித்தியம் 0.7. அம்மா காலண்டர் தாள்களைச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். ஏழு, ஏழரை, ஏழு என்று பால் கணக்கோடு எண்கள். ஒரே ஒரு வாரத்தில் மட்டும் நாலரை, நாலு என்று இருந்தது. சொன்னபடி அன்றைக்கே போன் செய்திருந்தார், இரவு மருந்தைச் சில நாள் கூட்டிச் சமாளித்தோம். கிளம்பும்போது மகன் கேட்டார்: "அடுத்த வாரம் ஊர்ல கோயில் திருவிழா சார். விடிய விடியக் கூத்து இருக்கு. சாமி பார்த்துட்டு பத்து மணிக்கெல்லாம் வந்து மாத்திரை போட்டுப் படுத்துடட்டுமா?"